காவலனின் விருப்பும் காக்கை வன்னியனும்

ஒட்டுசுட்டானுக்கு அண்மையிலுள்ள கச்சிலைமடுவில் ஆங்கிலத்திற் பொறிக்கப்பட்ட நினைவுக்கல்லொன்று, 1803 ஒக்ரோபர் 31ஆம் நாள் கப்டன் வொன் டிரிபேர்க் பண்டாரவன்னியனை அவ்விடத்தருகே தோற்கடித்தான் என்று கூறிற்று. அடங்காப்பற்று எனப் பெயர்பெற்ற நிலத்தின் தலைவனைப் பற்றி வென்றவர் எழுதியது அவ்வளவே. ஆயினும் அச்சிறு வாசகம் ஒன்றைத் தெளிவாக ஒப்புக்கொள்கின்றது: எதிரே நின்றவன் தன் விருப்பால் நின்ற ஒரு பகைவன்.

வன்னிமைகளின் அதிகாரத்தை 1782இல் ஒல்லாந்தர் முறியடித்திருந்தனர். அதன்பின் இருபதாண்டுகள் கழிந்தே பண்டாரவன்னியன் முல்லைத்தீவைத் தாக்குகின்றான். அவன் தேர்ந்த வேளை கூர்ந்து நோக்கத்தக்கது. 1803 யூனில் கண்டியிலிருந்த பிரித்தானியப் படை அழிக்கப்பட்டது. ஓகஸ்ட் 25இல் முல்லைத்தீவுக் கோட்டை அவன் கைப்பட்டது. டிரிபேர்க் கடல்வழியே யாழ்ப்பாணத்துக்குப் பின்வாங்கினான். கண்டியின் துணையை நாடியமை, பேரரசொன்று தடுமாறிய பொழுதை எண்ணிக் கணித்தமை, பிற படைகள் திரண்டு வரக்கூடும் என்ற அபாயத்தை ஏற்றமை ஆகியன யாவும் ஒரு தலைவனின் தெரிவுகள். அவற்றிற் பிழை இருந்திருக்கலாம். அப்பிழையும் அவனுக்கே உரியது.

எமது கதைமரபு இவ்வுரிமையை அவனிடமிருந்து பறித்துவிட்டது என்றே சொல்லவேண்டும். முல்லைமணியின் நாடகம் முதலாக இவ்வீரனைப் போற்றிய ஆக்கங்கள் பல. ஆயின் மேடையிலும் வாய்மொழியிலும் வழங்கும் கதையில் அவன் வீழ்வது காக்கை வன்னியனின் காட்டிக்கொடுப்பால். இப்பெயரை வாசகர் முன்னரே கேட்டிருப்பர். மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலையில் சங்கிலியைப் போர்த்துக்கேயரிடம் சிக்கவைப்பவனும் காக்கை வன்னியனே. யாழ்ப்பாண அரசு வீழ்ந்தது 1619இல். கச்சிலைமடுப் போர் 1803இல். ஏறத்தாழ இரு நூற்றாண்டு இடைவெளியைத் தாண்டி ஒரே பெயர் ஒரே தொழிலைச் செய்கின்றதாயின், அது ஆளன்று; தோல்விக்கு விளக்கம் தேடும் சமூகம் தயாராக வைத்திருக்கும் ஒரு வேடம்.

இங்கு, பலரும் இலக்கிய ஆராய்ச்சிக்கு உரியதல்ல எனத் தள்ளக்கூடிய ஓர் ஆக்கத்தை ஒப்புநோக்குதல் பயனுடைத்து. பங்கி நிறுவனம் உருவாக்கி 2014இல் வெளிவந்த 'டெஸ்டினி' என்னும் விஞ்ஞானப் புனைவுக் கணினி விளையாட்டில், மாண்டோர் பேராற்றல் பெற்ற காவலராக மீள எழுப்பப்படுகின்றனர். காவலராக விரும்புகின்றனரா என எவரும் அவர்களைக் கேட்பதில்லை. முற்பிறப்பின் நினைவும் அவர்களுக்கில்லை. அவர்களுக்கும் தலைமை உண்டு. அத்தலைவருள் ஒருவனான கெய்டு பந்தயத்திற் தோற்றதனால் மட்டுமே பதவியேற்றவன். பதவியை விரும்பாத தலைவன் என்பது நகைச்சுவைபோற் தோன்றினும், பதவியே குறியாய் நிற்போரைக் கண்டு சலித்தவர்க்கு அஃது ஆறுதலான கற்பனை.

2018இல் வந்த தொடர்ச்சியில் ஊல்ட்ரன் என்பவன் கெய்டைக் கொல்கின்றான். மூத்த தலைவன் சவாலா பழிவாங்கப் படையனுப்ப மறுக்கின்றான். காவலர் தாமே பழியேற்கப் புறப்படுகின்றார். ஆனால் ஆடுபவர் மறுக்க விரும்பினாலும் மறுக்க வழியில்லை. இறுதிக் கணத்திற் திரை இருள்கின்றது. வெடியோசை மட்டும் கேட்கின்றது. சுட்டவர் யாரெனக் காட்டப்படுவதில்லை. விருப்புரிமையைப் பேசும் ஆக்கம் விருப்பு வெளிப்படவேண்டிய இடத்தில் முகத்தை மூடிக்கொள்வது பெருங்குறை.

அக்குறையை அடுத்து நிகழ்வது ஈடுசெய்கின்றது. கொல்லப்பட்ட ஊல்ட்ரனே நினைவிழந்த காவலனாக எழுப்பப்படுகின்றான். தான் அறியாத குற்றத்துக்காகத் தன் முகத்தைப் பிறர் வெறுப்பதை அவன் தாங்கவேண்டியுள்ளது. அவனுக்கு வழங்கப்படும் பெயரின் பொருள் காகம். தற்செயலே எனினும், வன்னி வாசகரை இது சற்று நிறுத்தி வைக்கும். அங்கே காகம் மீண்டும் காவலுக்கு வருகின்றது; இங்கே காக்கை இரு நூற்றாண்டாகத் துரோகியாகவே இருக்கின்றான். அவன் தரப்பில் ஒரு வசனம்கூட எம் நினைவில் நிற்கவில்லை.

இது நாடகவியலோடு முடியும் குறைபாடன்று. துரோகி என்ற ஒரு சொல்லின்கீழ் உயிர்கள் பறிக்கப்பட்ட பல ஆண்டுகளைக் கண்ட சமூகம் இது. 2009இன் பின்னரும் தோல்வியை விளக்க அச்சொல்லே முதலில் நாவில் எழுகின்றது. காட்டிக்கொடுத்தவனைத் தேடும் அவசரத்தில், தலைமை எதைத் தெரிந்தது, காக்கப்பட்ட மக்கள் எதைத் தெரிய முடிந்தது என்ற வினாக்கள் கேட்கப்படாமற் போகின்றன. டெஸ்டினியிலும் நகரத்து மக்களுக்குப் பேச்சு மிகக் குறைவே.

பண்டாரவன்னியனை மீண்டும் மேடையேற்றுவோர் காக்கை வன்னியன் இன்றி ஒருமுறை எழுதிப் பார்க்கலாம். அவ்வாறாயின் நாடகத்தின் உச்சம் கச்சிலைமடுவில் அமையாது. முல்லைத்தீவைத் தாக்குவதா என்று அவன் தன் மக்களோடு கூடியிருந்து முடிவுசெய்யும் ஓகஸ்ட் மாதத்து இரவொன்றில் அமையும்.