பரிசாக வைக்கப்பட்டவளும் பின்னால் ஒலிக்கும் இசையும்

இளவரசி அலீதியாவை நாம் முதலில் சந்திப்பது ஒரு போட்டியின் பரிசாகத்தான். வெல்பவனுக்கு அவள் மனைவி. ஓர்ஸ்டெட் என்ற வீரன் வெல்கிறான்; அன்றிரவே அவளை அரக்கன் தூக்கிச் செல்கிறான்; வீரன் மீட்கப் புறப்படுகிறான். ஆயிரம் கேம்களில் பார்த்த கதை. 1994இல் ஸ்கொயர் நிறுவனம் சூப்பர் ஃபாமிகாமுக்காக வெளியிட்ட 'லைவ் எ லைவ்' இந்தக் கதையை உடைக்கத் துணிந்த ஜப்பானிய ரோல்ப்ளேயிங் கேம். ஆனால் அந்தத் துணிவு பாதி வழியில் நின்றுவிட்டது என்பதும், மீதி வழியைக் கடந்தது அதன் பின்னணி இசை என்பதும் என் வாசிப்பு. முடிவைச் சொல்லாமல் இதை எழுத முடியாது; இன்னும் விளையாடாதவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓர்ஸ்டெட்டின் கதை வருவதற்கு முன் ஏழு காலங்களில் ஏழு கதைகளை விளையாடி முடிக்க வேண்டும். குகை மனிதன், சீனத்துக் குங்ஃபூ ஆசான், எடோ காலத்து நிஞ்ஜா, மேற்கத்தியத் துப்பாக்கி வீரன், மல்யுத்த வீரன், மனதைப் படிக்கும் இளைஞன், விண்கலத்தில் ஒரு ரோபோ. (நாயக வரிசையில் ஒரு பெண் வர வேண்டுமென்றால், ஆசானின் வாரிசாக லெய் என்ற பெண்ணை நாம்தான் உருவாக்கியாக வேண்டும்.) எந்த வரிசையிலும் விளையாடலாம். கதைகளுக்குள் எந்தத் தொடர்பும் தெரியாது. ஆனால் ஒவ்வொன்றின் முடிவிலும் பெரிய எதிரி வந்து நிற்கும்போது ஒரே இசை பாய்கிறது: 'மெகலோமேனியா'. இரண்டாம் முறை கேட்கும்போது சிக்கனம் என்று நினைப்போம். நான்காம் முறை சந்தேகம் வரும். இவை எல்லாம் ஒரே வெறுப்பின் முகங்கள் என்பதைக் கதை சொல்வதற்கு வெகு முன்பே காது அறிந்துவிடுகிறது.

அந்த வெறுப்பு யாருடையது? ஓர்ஸ்டெட்டுடையது. நண்பன் ஸ்ட்ரேபோ துரோகம் செய்கிறான், ஊர் கைவிடுகிறது. கடைசியில் மலையுச்சியில் அலீதியாவும் நண்பனின் பக்கம் நின்று, தோற்றவர்களின் வலி உனக்குத் தெரியாது என்று சொல்லி உயிரை விடுகிறாள். அதுவரை ஒரு வார்த்தைகூடப் பேசாத நாயகன் அப்போதுதான் வாய் திறக்கிறான், தன்னை அரக்கர் வேந்தன் என்று அறிவிக்க.

இங்கே கதை அவன் காயத்துக்காக நம்மை உருகச் சொல்கிறது. அலீதியாவின் காயத்தைக் கேட்பாரில்லை. அவளுக்கு யாரைப் பிடித்திருந்தது, பரிசாக நின்றபோது அவள் என்ன நினைத்தாள் என்பதற்குக் கதையில் இடமே இல்லை. பரிசு கைநழுவிய ஆணின் சினம் மட்டும் எல்லாக் காலங்களுக்கும் பரவும் துயரமாக விரிகிறது. இயக்குநர் டகாஷி டோகிடா நாயகனை வில்லனாக்கினார், பரிசைப் பெண்ணாக்கவில்லை.

இசையோ அவனுக்கு இரங்குவதில்லை. அதில் அழுகை இல்லை, நாயகத் துயரத்தின் இழுவை இல்லை. ஏழு முறையும் அது இறுக்கமான, விரைந்து மோதும் இசை. தலைப்பே நோயின் பெயரைச் சொல்கிறது: தன்னைப் பெரிதாக எண்ணும் பித்து. கதை காயம் என்று எழுதிய இடத்தில் இசை கர்வம் என்று எழுதுகிறது. காயத்தைக் காட்டி வன்முறையை நியாயப்படுத்தும் ஆண்களை அறிந்த எவருக்கும் இந்த வேறுபாடு சின்ன விஷயமல்ல.

இதை எழுதியவர் யோகோ ஷிமோமுரா. ஒசாகா இசைக் கல்லூரியில் பியானோ படித்தவர். 1988இல் கேப்காமில் சேர்ந்து, 1991இல் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2'இன் பெரும்பாலான மெட்டுகளை அமைத்தவர். 1993இல் ஸ்கொயருக்கு வந்ததும் அவர் கையில் எடுத்த வேலை இது. சூப்பர் ஃபாமிகாமின் ஒலிச் சில்லில் ஒரே நேரத்தில் எட்டுக் குரல்கள்தான் ஒலிக்கும். வாத்திய மாதிரிகள் உட்பட அனைத்தும் 64 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும். அந்தக் குறுகலில் செய்த வேலை என்பதை நினைவில் வைத்துக் கேட்டால் அதன் அடர்த்தி வியக்க வைக்கிறது.

ஷிமோமுரா பெண்ணியப் பார்வையோடு இதைச் செய்தார் என்று நான் வாதிடவில்லை. அவரிடம் கேட்கப்பட்டது சண்டைக்கான இசை, அதைக் கொடுத்தார். அவரைப் பற்றிப் பேச்செடுத்தாலே 'கிங்டம் ஹார்ட்ஸ்' தொடக்கத்தின் மெல்லிய பியானோவுக்கு ஓடிவிடுவதுதான் எனக்கு உறுத்துகிறது. அழகான மெட்டு, மறுக்கவில்லை. ஆனால் பெண் இசையமைத்தால் மென்மை என்று காது முன்பே முடிவுகட்டி வைத்திருக்கிறது. சினத்தை இத்தனை துல்லியமாக அறிந்தவரை அந்த முடிவுக்குள் அடைக்க முடியாது.

2022இல் கேம் மறு உருவாக்கத்தோடு முதல்முறையாக ஜப்பானுக்கு வெளியே வந்தது. வரைகலை புதிது, கதாபாத்திரங்களுக்குக் குரல் உண்டு. அலீதியா இப்போதும் போட்டியின் பரிசுதான். அதற்குள் ஏழு முறை 'மெகலோமேனியா' ஒலித்து முடிந்திருக்கும்.