வள்ளி வகுப்பறைக்கு வந்தால்

புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் சங்கரதாஸ் சுவாமிகளின் சமாதி இருக்கிறது. 1867இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்து, ஊர் ஊராக நாடகக் குழுக்களோடு அலைந்து, கடைசியில் பக்கவாதத்தில் விழுந்த அவர், 1922 நவம்பர் 13 அன்று இந்த ஊரில்தான் காலமானார். புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளிக்கும் அவர் பெயரே வைக்கப்பட்டிருக்கிறது. சமாதியும் பள்ளியும் ஒரே ஊரில் அமைந்த வேறொரு நாடக ஆசிரியரைத் தமிழில் தேடிப்பிடிப்பது கடினம். ஆனால் தமிழ் இலக்கிய வரலாற்றைத் தேர்வுக்குப் படிக்கும் மாணவருக்கு அவர் 'தமிழ் நாடகத் தலைமையாசிரியர்' என்ற பட்டமும், இரண்டு ஆண்டுகளும், நான்கைந்து நாடகப் பெயர்களும்தான். இரண்டு மதிப்பெண், மிஞ்சினால் ஐந்து.

இதற்குப் பாடத்திட்டத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 'வள்ளி திருமணம்' புத்தகத்தைக் கையில் எடுத்து, இலக்கியம் படிக்கிற கண்ணோடு படித்துப் பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். கதை எல்லாருக்கும் தெரியும். வள்ளி தினைப்புனம் காக்கிறாள், நாரதர் வருகிறார், முருகன் வேடனாக வருகிறான், விருத்தனாக வருகிறான், யானை வருகிறது, கல்யாணம் முடிகிறது. அடுத்து என்ன என்ற கேள்விக்கே இடமில்லை. பாத்திர வளர்ச்சி, மோதல், உச்சம் என்று நாடகத் திறனாய்வு நூல்கள் தரும் அளவுகோலை வைத்தால் எதுவும் சரியாகப் பொருந்தாது. பாடல்களில் சந்தம் தெரிகிறது. ஆனால் ராகத்தின் பெயரை வாசித்து யாரும் ராகத்தைக் கேட்டுவிட முடியாது.

அதே நாடகத்தை மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத் திருவிழாவில் இரவு பத்து மணிக்கு மேல் பார்க்க வேண்டும். ஸ்பெஷல் நாடகம் என்று அழைக்கப்படும் இந்த முறையில் ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும் தனித்தனியாக ஒப்பந்தமாகி வருகிறார்கள். சேர்ந்து ஒத்திகை பார்ப்பதில்லை. பல நேரம் அன்றிரவு மேடையருகேதான் சந்திக்கிறார்கள். ஹார்மோனியக்காரர் சுருதி பிடிக்கிறார். சுவாமிகளின் கதைப்போக்கும் பாட்டும் எல்லாருக்கும் மனப்பாடம். மற்றதெல்லாம் அந்த நிமிடத்தில் பிறப்பது. நாரதரும் வள்ளியும், பிறகு வேடனும் வள்ளியும், செய்கிற தர்க்கம்தான் இரவின் மையம். பெண் பெரியவளா ஆண் பெரியவனா, துறவு உயர்ந்ததா இல்லறம் உயர்ந்ததா என்று கேள்வி மேல் கேள்வி விழுகிறது. வள்ளியாக நடிப்பவர் கெட்டிக்காரராக இருந்தால் முருகனே திணறிப் போவான். முடிவு தெரிந்த கதையில் கூட்டம் விடியும்வரை உட்கார்ந்திருப்பது இதற்காகத்தான். இன்றைக்கு யார் ஜெயிப்பார்கள் என்பது யாருக்கும் தெரியாது, நடிகர்கள் உட்பட.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சுவாமிகள் கட்டுப்பாட்டை விரும்பியவர். வளர்ந்த நடிகர்களின் ஒழுங்கீனம் பிடிக்காமல் சிறுவர்களைப் பழக்கி நாடகம் போட முனைந்தவர். 1918இல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில்தான் டி.கே.எஸ். சகோதரர்கள் பயின்றார்கள். அப்படிப்பட்டவரின் நாடகம் இன்றுவரை பிழைத்திருப்பது, மேடையில் இஷ்டத்துக்குப் பேசுகிற நடிகர்களால்!

எழுதிய பிரதிக்கும் ஆடிய நாடகத்துக்கும் உள்ள தூரத்தைக் காட்ட விசுவநாததாஸ் ஒருவரே போதும். வள்ளி கதையில் பறவை விரட்டும் காட்சி ஒரு சின்ன இடம். சுதந்திரப் போராட்டக் காலத்தில் அந்த நாடகத்துக்குள் அவர் வெள்ளைக் கொக்கைப் பற்றிய ஒரு பாட்டை நுழைத்தார். கொக்கு யார் என்று கூட்டத்துக்குப் புரிந்தது, போலீசுக்கும் புரிந்தது. பலமுறை கைதானார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேடத்தில் மயில்மீது அமர்ந்திருந்தபோதே உயிர் பிரிந்தது. சுவாமிகளின் புத்தகத்தை எத்தனை முறை புரட்டினாலும் அந்தக் கொக்கு அகப்படாது. ஆனால் அது வந்து உட்கார ஓர் இடம் அந்த நாடகத்தில் இருந்தது. அந்த இடத்தை விட்டுவைத்ததுதான் ஆசிரியரின் திறமை என்பேன்.

எல்லா நாடகத்தையும் மேடையில்தான் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கவும் முடியாது. சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' (1891) செய்யுளில் எழுதப்பட்டது, படிப்பதற்கென்றே அமைந்தது. அதை வகுப்பில் நிறுத்தி நிதானமாகப் படிப்பதே சரி. சிக்கல் எங்கே வருகிறதென்றால், அந்த ஒரு நூலுக்குப் பொருந்திய வாசிப்பு முறையை எல்லா நாடகத்துக்கும் பொதுவாக்கிவிட்டோம். ஷேக்ஸ்பியருக்கும் உலகெங்கும் வகுப்பறைகளில் இதுதான் நடந்தது. அவர் நாடகங்களில் ஏறக்குறைய பாதி, அவர் இறந்து ஏழு ஆண்டுகள் கழித்து, 1623இல்தான் முதன்முதலாக அச்சேறின. அதுவரை அவற்றை மக்கள் அறிந்தது நின்றபடியும் கூச்சலிட்டபடியும் பார்த்த கூத்தாக.

மேடையின் வலு அரசுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. நாடகங்களைத் தடை செய்யவென்றே 1876இல் ஆங்கில அரசு தனிச் சட்டம் போட்டது. புத்தகத்தைவிட மேடைக்கு அஞ்சியதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். புதுவை பாரதிதாசனின் 'இரணியன் அல்லது இணையற்ற வீரன்' 1934இல் பெரியார் தலைமையில் சென்னையில் மேடையேறியது. சுதந்திரத்துக்குப் பின் 1948இல் தடைக்கு ஆளானது. அதே கவிஞரின் 'பிசிராந்தையார்' நாடகத்துக்கு அவர் மறைவுக்குப் பின் 1969ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. தடை வாங்கிய நாடகம் ஆடப்பட்டது, பரிசு வாங்கிய நாடகம் படிக்கப்படுகிறது. எது உயிரோடு இருந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை.

புதுவை நாடகப் பள்ளியைத் தொடக்கத்தில் வழிநடத்திய இந்திரா பார்த்தசாரதியின் 'நந்தன் கதை', 'அவுரங்கசீப்' இரண்டும் கல்லூரிப் பாடங்களாக வலம் வருபவை. 'நந்தன் கதை'யில் சேரி மக்களின் ஆட்டமும் பரதமும் எதிரெதிரே நிறுத்தப்படுகின்றன. பக்கத்தில் அது ஓரிரு வரிக் குறிப்பு. மேடையில் பறை அதிர்ந்து, கால்கள் தரையில் இறங்கும்போது, சாதி குறித்து வகுப்பில் எழுதிய பத்துப் பக்கக் கட்டுரை சொல்லாத ஒன்று உடம்புக்குத் தெரிகிறது. 'அவுரங்கசீப்' வேறு மாதிரி. அங்கே பேச்சுதான் ஆயுதம். ஆனாலும் கறுப்புப் பளிங்கில் இன்னொரு மகால் கட்டத் துடிக்கும் ஷாஜகானின் கிறுக்கை ஒரு நல்ல நடிகரின் குரலில் கேட்டால்தான், அது கிறுக்கா கனவா என்ற சந்தேகமே நமக்கு வரும்.

மேடையும் புனிதமானது இல்லை. இன்றைய ஸ்பெஷல் நாடகங்கள் சிலவற்றில் பபூனும் டான்ஸும் பாதி இரவைத் தின்றுவிட, தர்க்கம் சுருங்கிப் போகிறது. ஒலிபெருக்கியின் இரைச்சலில் பாட்டு உடைகிறது. முதல்முறை பார்க்கிற மாணவர் முகம் சுளிக்கலாம். அப்போதும் அவர் சுவாமிகளைப் பற்றித் தம் கண்ணால் கண்ட ஓர் அபிப்பிராயத்தோடு வீடு திரும்புவார். குறிப்பேட்டிலிருந்து எடுத்ததோடு அல்ல.

மதுரைவரை போக முடியாதவர்களுக்குப் புதுச்சேரி, விழுப்புரம் வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் தெருக்கூத்து இருக்கிறது. 'கர்ண மோட்சம்' பார்க்கப் போகிறவர்கள் பிரதியை முன்னதாகப் படிக்காமல் போவது நல்லது. மறுநாள் தூக்கம் கலைந்த பிறகு புத்தகத்தைத் திறந்தால் போதும். ஒவ்வொரு விருத்தத்துக்கும் ஒரு குரல் கேட்கும்.