நெடுந்தீவுக் குதிரைகள்

குறிகட்டுவானில் காலைப் படகு ஏறினால், நெடுந்தீவுக் குதிரைகளைப் படமெடுத்துவிட்டு அன்றே யாழ்ப்பாணம் திரும்பிவிடலாம். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் விட்டுப்போன குதிரைகளின் வழிவந்தவை, இன்று கட்டாக்காலிகள். அகலக்கோண லென்ஸுடன் கிட்டப் போனால் தலை பானைபோல் பெருத்து, உடல் சூம்பிவிடும். 200 மி.மீ. லென்ஸ்தான் அழகு. மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்குப் பின்னாலும் குதிரைக்குக் கண் எட்டாது. பக்கவாட்டில், அது பார்க்கும்படியே நடந்து போங்கள். பிறகு காதுகளைக் கவனியுங்கள். இரண்டும் முன்னோக்கி நிமிரும் நொடிதான் படம்; பின்னால் மடங்கினால் விலகிவிடுங்கள். ஓட்டத்துக்கு 1/1000 நொடி ஷட்டர் வேகம் வேண்டும். பிடரி பறக்கும் படத்தைத்தான் எல்லோரும் தேடுகிறார்கள். எனக்கோ பவளக்கல் வேலியோரம் சும்மா நிற்கும் குதிரைதான் உசத்தி. வறட்சியில் தண்ணீருக்கே அலைபவை அவை. படத்துக்காக விரட்டாதீர்கள்.