எல்லைக்கல் கொடியான கதை: ஒரு சீட்டாட்டப் பிரதியை முன்வைத்து

ஓசூர் சிப்காட்டில் இரண்டாவது ஷிஃப்ட் பார்க்கும் நண்பர் ஒருவரின் அறையில்தான் அந்தச் சீட்டுக்கட்டைப் பார்த்தேன். பெங்களூரிலிருந்து வாங்கி வந்தது. பெயர் 'பேட்டில் லைன்'. ரம்மி ஆடும் கைகளுக்கு நடுவில் அது கொஞ்சம் அந்நியமாகத்தான் கிடந்தது. நான் விதிப்புத்தகத்தைப் புரட்டுவதைப் பார்த்து, "என்ன சார், சீட்டாட்டத்துக்குமா விமர்சனம் எழுதப்போறீங்க?" என்றார். ஏன் எழுதக்கூடாது? கூத்தையும் சுவரொட்டியையும் பிரதி என்று வாசிக்கத் துணிந்துவிட்ட நாம் ஆட்ட விதிகளை மட்டும் பொழுதுபோக்கு என்று தள்ளி வைப்பது பழைய புலமைத் திமிரின் மிச்சம் என்றே எனக்குப் படுகிறது.

ஆட்டம் எளியது. இரண்டு பேருக்கும் நடுவில் 9 கொடிகள். 6 நிறங்களில், 1 முதல் 10 வரை எண்ணிட்ட 60 படைச்சீட்டுகள். கையில் 7. ஒவ்வொரு கொடிக்கும் முன்னால் இருவரும் தலா மூன்று சீட்டு இறக்க வேண்டும். ஐந்து கொடியோ, அடுத்தடுத்து மூன்று கொடியோ பிடித்தவர் ஜெயித்தார். 10 என்பது யானை, 9 தேர். அப்படியே இறங்கி வந்தால் 1 என்பது முன்னால் ஓடிச் சில்லறைச் சண்டை போடுகிறவன். எண்ணே இங்கே சாதி.

ஆனால் இந்தப் படிநிலையை ஆட்டம் தானே கவிழ்த்தும் விடுகிறது. ஒரே நிறத்தில் வரிசையாக வரும் 1, 2, 3 மூன்று யானைகளை அடித்துவிடும். ஏனென்றால் யானைகள் மூன்றும் மூன்று நிறம். எளியவர்கள் கூடினால் வலியவனை வீழ்த்தலாம் என்று இதை வாசிக்க ஆசையாகத்தான் இருக்கிறது. அவசரப்பட வேண்டாம். கூடினால் மட்டும் போதாது, நிறமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் விதி. சீருடையின் நிறத்தை வைத்தே நிரந்தரத் தொழிலாளி யார், ஒப்பந்தத் தொழிலாளி யார் என்று கண்டுகொள்கிற ஊரில் இருந்துகொண்டு இந்த விதியை வெறும் கணக்காகப் பார்க்க முடியவில்லை.

இனி போருக்கு வருவோம். 10 தந்திரச் சீட்டுகள் தனியே உண்டு. அதில் அலெக்சாந்தரும் இருக்கிறான், தாரியசும் இருக்கிறான். கி.மு. 331இல் கௌகமேலாவில் எதிரெதிரே நின்றவர்கள் இங்கே ஒரே கட்டில் கலைந்து கிடக்கிறார்கள். எந்தப் பக்கத்துக்கும் யாரும் வரலாம். மாசிடோனியா என்றும் பாரசீகம் என்றும் பக்கமே கிடையாது. அப்படியானால் சண்டை எதற்கு?

இதற்கு விடை ஆட்டத்தின் பூர்வீகத்தில் இருக்கிறது. இதைச் செய்த ரைனர் க்னிஸியா ஜெர்மானியர், கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 2000இல் அமெரிக்காவின் ஜிஎம்டி நிறுவனம் 'பேட்டில் லைன்' என்று வெளியிடுவதற்கு ஓராண்டு முன்பு, 1999இல், ஏறக்குறைய இதே ஆட்டம் ஜெர்மனியில் 'ஷாட்டன் டாட்டன்' என்ற பெயரில் வந்தது. அதில் அலெக்சாந்தர் இல்லை. ஸ்காட்லாந்துக் குடிகளின் எல்லைத் தகராறுதான் அதன் கதை. கொடி நின்ற இடத்தில் அங்கே 9 எல்லைக்கற்கள்.

எல்லைக்கல் கொடியானது வெறும் அட்டைப்பட மாற்றம் இல்லை. நம் புறத்திணை மொழியில் சொன்னால் வெட்சி தும்பையாகிவிட்டது. வெட்சிக்கு ஒரு காரணம் உண்டு: மாடு. தும்பைக்கு வலிமையைக் காட்டுவதே காரணம். இரண்டு பக்கமும் ஒரே பூவைச் சூடிக்கொண்டு வரும் போர் அது. ஒரே கட்டிலிருந்து இருவரும் சீட்டு எடுப்பதுபோல. அக்கம்பக்கத்தாரின் சில்லறைச் சண்டையில் யார் நிலம், யார் மேய்ச்சல் என்ற கேள்வி இருந்தது. பேரரசனை நடுவில் நிறுத்தியதும் அந்தக் கேள்வி போய்விட்டது. விற்பனைக்கு இது நல்ல உத்திதான். ஆனால் போர் என்றாலே பேரரசர்கள் என்கிற சொல்லாடலுக்கு ஒரு சீட்டுக்கட்டும் சேவகம் செய்கிறது.

கிருஷ்ணகிரி, தர்மபுரி வட்டாரத்து நடுகற்களைப் பார்த்தவர்களுக்கு இது உறைக்கும். தொறு மீட்கப் போய்ப் பட்டவன் யார், எந்த ஊர் என்று கல் சொல்லும். செங்கம் பக்கம் எடுத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்துக் கல்லில், வீரனோடு நின்ற நாய்க்குக்கூடக் கோவிவன் என்று பெயர் பொறித்திருக்கிறார்கள். க்னிஸியாவின் 60 படைச்சீட்டில் ஒருவனுக்கும் பெயர் இல்லை. பெயர் இரண்டே பேருக்கு, இருவரும் அரசர்கள்.

இவ்வளவு சொன்னாலும் ஆட்டம் என்னை விடவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கையில் என்ன இருந்தாலும் ஒவ்வொரு முறையும் ஒரு சீட்டு இறக்கியே ஆகவேண்டும். இறக்கியதைத் திரும்ப எடுக்க முடியாது (தந்திரச் சீட்டு வந்தாலொழிய). இன்னொன்றும் உண்டு. எதிராளி மூன்றாவது சீட்டை வைப்பதற்கு முன்பே, இனி எது வந்தாலும் அவன் தோற்பான் என்று மேசையில் கிடக்கும் சீட்டுகளை மட்டும் வைத்து நிரூபித்தால் கொடி உனக்கு. வாதத்தால் பிடிக்கிற நிலம்! நண்பர் என்னிடமிருந்து இப்படி இரண்டு கொடி பிடித்தார். "இன்னும் ஒரு சீட்டு வைக்கணுமே" என்றேன். "வச்சும் பிரயோஜனம் இல்லீங்க, எண்ணிப் பாருங்க" என்றார்.

1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது ஓசூர் இந்தப் பக்கம் நின்றது. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ் என்று வளர்ந்தவர் என் நண்பர். ஷாட்டன் டாட்டன் கதையைச் சொன்னேன். கொடிகளை எடுத்து வைத்துவிட்டு, மொட்டை மாடியிலிருந்து 9 கூழாங்கல் பொறுக்கி வந்தார். அடுத்த ஆட்டத்தை அதில்தான் ஆடினோம்.