எல்லோரும் புலி கட்சி

மேற்கு மாம்பலத்தில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எந்த அபார்ட்மென்ட் மாடிப்படி ஏறினாலும் ஏதாவது ஒரு கதவுக்குப் பின்னால், பசித்த பெண் சிங்கத்துக்காகக் கட்டைக் குரலில் ஒருத்தர் கவலைப்பட்டுக்கொண்டிருப்பார். டிஸ்கவரி 2009-ல் தமிழ் பேச ஆரம்பித்ததிலிருந்து நம்ம வீட்டுப் பொடிசுகளுக்குச் சிறுத்தை எத்தனை கிலோமீட்டர் ஸ்பீடு என்பது அத்துப்படி. சந்தோஷம்தான். என் புகார் வேறு. கேமரா எப்போதும் யார் பக்கம் நிற்கிறது, கவனித்தீர்களா?

புலிக்குப் பெயர் உண்டு. மூன்று குட்டி உண்டு. மூன்று நாள் பட்டினி உண்டு. மானுக்கு? முதுகு மட்டும்தான். அதன் முகத்தையே நாம் பார்ப்பது கழுத்தில் பல் இறங்கும்போதுதான். மான் தப்பித்துவிட்டாலோ, மேளம் சட்டென்று நின்று, டெண்டுல்கர் டக் அவுட் ஆன மாதிரி ஒரு சோகம். இன்றும் ஏமாற்றம் என்கிறார் கட்டைக் குரல்காரர். யாருக்கு ஐயா ஏமாற்றம்? அங்கே ஒரு ஜீவன் பிழைத்திருக்கிறதே! சோபாவில் உட்கார்ந்திருக்கும் பையனோ, "எப்பப்பா பிடிக்கும்?" என்கிறான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. சிங்கம், சிறுத்தை, புலி என்று வரிசையாகப் படம் எடுத்த ஊர் நம்முடையது. 'கடமான்' என்று டைட்டில் வைத்தால் எந்த ஹீரோ கால்ஷீட் தருவார்?

ஒரு கணக்கு சொல்கிறேன். ஜார்ஜ் ஷாலர் என்ற அமெரிக்கர் 1963-லிருந்து 65 வரை மத்தியப் பிரதேசத்துக் கான்ஹா காட்டில் கிடந்து புலிகளையும் மான்களையும் கவனித்தார். புலி ஒரு தடவை ஜெயிக்கச் சுமார் இருபது தடவை முயற்சி செய்ய வேண்டியிருக்கிறது என்பது அவர் போட்ட உத்தேசக் கணக்கு. அதாவது பத்தொன்பது காட்சி, மான் ஜெயிக்கிற காட்சி. நமக்குப் போட்டுக் காட்டுவது இருபதாவதை.

அந்தப் பத்தொன்பதில் என்ன நடக்கிறது? முதுமலைக்கே போவோம். மரத்தின் மேலே மந்தி. கீழே புள்ளிமான் கூட்டம். மந்தி பாதி தின்றுவிட்டுப் போடும் இலையும் காயும் மானுக்கு விருந்து. மந்திக்கு உயரத்திலிருந்து தூரப் பார்வை, மானுக்கு மூக்கு. புதருக்குள் கோடு கோடாக ஏதோ அசைந்தால் மேலிருந்து இருமல் மாதிரி ஒரு குரைப்பு. உடனே கீழே மான் கீச்சென்று கத்தும், வாலைத் தூக்கும், முன்காலால் தரையை உதைக்கும். எல்லாம் தலைதெறிக்க ஓடும் என்றுதானே நினைக்கிறீர்கள்? பல சமயம் ஓடாது. புலி இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டு நிற்கும். புலியின் ஒரே மூலதனம், தான் அங்கே இருப்பது யாருக்கும் தெரியாது என்பது. அது போனால் கடை திவால். பெரும்பாலும் எழுந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி நடையைக் கட்டிவிடும். அந்தக் கத்தல் கூட்டத்துக்கு மட்டும் சொன்ன செய்தி இல்லை. புலிக்கும் சேர்த்துச் சொன்னது. தீபாவளி சமயத்தில் ரங்கநாதன் தெருவில் போலீஸ் மைக்கில் ஜேப்படிக்காரர்களைப் பற்றி எச்சரிப்பது, வாங்க வந்தவர் காதில் மட்டுமா விழுகிறது?

கிண்டியில் இருக்கிறதே வெளிமான், அது துரத்தல் என்று வந்தால் சில சமயம் ஓடாமல் நேர் மேலே துள்ளும். பார்த்தால் பைத்தியக்காரத்தனம். இஸ்ரேல் விஞ்ஞானி அமோட்ஸ் ஸஹாவி 1975-ல் சொன்ன சித்தாந்தப்படி அது ஒரு பேலன்ஸ் ஷீட். 'இப்படி வீணடிக்கிற அளவுக்கு என்னிடம் தெம்பு இருக்கிறது, என்னைத் துரத்தி உன் நேரத்தைக் கெடுத்துக்கொள்ளாதே' என்று எதிராளிக்கு நீட்டுவது. பி.காம். படித்த எனக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடிக்கும். மான் புல் மேயும்போது அடிக்கடி தலையைத் தூக்கிப் பார்க்கிறதே, அது பிரீமியம். தூக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு வாய் புல் நஷ்டம். கூட்டமாக இருந்தால் ஆளுக்குக் கொஞ்சம் பார்த்தால் போதும். குரூப் இன்ஷூரன்ஸ்! நரிக்கு நஷ்டமானால் ஒரு வேளைச் சாப்பாடு, முயலுக்கு நஷ்டமானால் உயிர். அதனால்தான் முயல் வேகமாக ஓடுகிறது என்று டாக்கின்ஸும் கிரெப்ஸும் 1979-ல் எழுதினார்கள். ஈசாப் காலத்துச் சரக்குதான்.

டி.வி.க்காரர்களுக்கு இதெல்லாம் தெரியாது என்று சொல்லவில்லை. பி.பி.சி.யின் 'தி ஹன்ட்' (2015) வேட்டையாடும் மிருகங்களைப் பற்றியது என்றாலும் தோல்விகளை ஒளிக்கவில்லை. அடுத்த வருடம் 'பிளானட் எர்த் 2'-ல் கலாபகோஸ் தீவு இக்வானா குஞ்சு ஒன்று பாம்புக் கூட்டத்துக்கு நடுவில் ஓடிப் பிழைத்தது. உலகமே கைதட்டியது, நானும்தான். அப்புறம் 2017-ல் தயாரிப்பாளரே சொன்னார், அது ஒரே குஞ்சு இல்லை, வேறு வேறு குஞ்சுகளை எடுத்துச் சேர்த்துத் தைத்தது என்று. ஏமாற்று வேலை என்று சண்டைக்குப் போக மாட்டேன், எடிட்டிங் என்றாலே அதுதான். ஆனால் பலவீனமானவன் கதையைச் சொல்லவும் ஒரு தனி ஹீரோ தேவைப்பட்டது பாருங்கள், அங்கேதான் எனக்கு உதைக்கிறது.

இந்த வகையில் நான் பார்த்ததிலேயே நல்ல படத்தை எடுத்தது டைரக்டர் இல்லை. தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்காவில் 2004-ல் ஒரு டூரிஸ்ட் எடுத்து, 2007-ல் யூடியூபில் ஏறிய எட்டு நிமிட வீடியோ. காட்டெருமைக் கன்று ஒன்றைச் சிங்கங்கள் பிடித்துத் தண்ணீரில் தள்ள, மறுமுனையை முதலை கவ்வ, இழுபறி. கதை முடிந்தது என்று நினைக்கும்போது ஓடிப்போன எருமைகள் மொத்தமாகத் திரும்பி வருகின்றன. கொம்பில் குத்தி ஒரு சிங்கத்தைப் பந்து மாதிரி தூக்கி எறிகின்றன. கன்று எழுந்து கூட்டத்துக்குள் போகிறது. சாது மிரண்டால் காடு கொள்ளாது என்று சும்மாவா சொன்னார்கள்! கேமரா ஆடுகிறது, பேச்சுச் சத்தம் வேறு. ஆனால் அதில் கத்தரி விழவில்லை. திரும்பி வந்த கூட்டத்துக்குத் தலைவன் என்று யாரையும் காட்டவில்லை.

நம் மொழியும் வேட்டைக்காரன் கட்சிதான். குளத்தங்கரையில் ஆள் தலை தெரிந்தாலே கத்தி ஊரைக் கூட்டும் பறவைக்கு என்ன பெயர் வைத்தோம்? ஆள்காட்டி. அது நாலு முட்டையைக் காப்பாற்றக் கத்துகிறது; நமக்கு அது காட்டிக்கொடுக்கிறவன். பக்கத்து மயிலாப்பூர்க்காரர் மா.கிருஷ்ணன் இந்த மனசிலிருந்து தப்பித்த மனிதர். 1950-லிருந்து 1996-ல் இறக்கும்வரை 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் பத்தி எழுதினார். அதில் அணிலுக்கும் காக்கைக்கும் யானைக்குத் தந்த அதே மரியாதை. தமிழிலும் எழுதியிருக்கிறார். சேனல்களில் வசனம் எழுதுகிறவர்கள் ஒரு வாரம் லீவு போட்டு அவரைப் படிக்கலாம்.

அப்படியே அலுங்கைப் பற்றியும் ஒரு முழு மணி நேரம் படம் எடுக்கலாம். எறும்புதின்னி என்போமே, அதுதான். ஆபத்து வந்தால் ஓடாது, கடிக்காது. செதில் வெளியே தெரிய உருண்டையாகச் சுருண்டுகொள்ளும். சிங்கம் உருட்டி உருட்டிப் பார்த்து, கடித்துப் பல் வலித்துப் போய்விடும். கோடிக்கணக்கான வருடமாகத் தோற்காத உத்தி அது. மனிதன் வந்தான். அவன் கடிக்க வேண்டியதே இல்லை. அலுங்கு தானாகச் சுருண்டு பொட்டலமாகி நிற்கிறது. குனிந்து எடுத்துக் கோணியில் போட்டுக்கொண்டான். எட்டு இனங்களுக்கும் சர்வதேச வியாபாரத் தடை என்று 2016-ல் உலக நாடுகள் கூடி முடிவு செய்த பிறகும் செதில் மூட்டைகள் பிடிபடுகின்றன.