கடலின் பற்று வரவு

அக்கா மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டி. தலைப்பு: 'கடல் கொண்ட குமரிக்கண்டம்'. கோவில்பட்டிக்குப் போயிருந்தபோது ஒரு வரைபடத்தைக் கொண்டுவந்து நீட்டினான். மடகாஸ்கரிலிருந்து ஆஸ்திரேலியா வரை ஒரே நிலம். நடுவே ஆறு, மலை எல்லாவற்றுக்கும் சுத்தமான தமிழ்ப் பெயர்கள்.

"மாமா, இது நெசமா?"

வாயில் கடலைமிட்டாய் இருந்ததால் பதில் சொல்லாமல் தப்பித்தேன்.

நான் படித்தது பி.காம். பாறைக்கும் எனக்குமான உறவு கிரானைட் தரையோடு சரி. ஊர் திரும்பியதும் அலமாரியில் இருந்த 'குமரி நில நீட்சி'யை (காலச்சுவடு, 2002) மறுபடி எடுத்தேன். எழுதியவர் சு.கி. ஜெயகரன், நிலவியலாளர். தலைப்பிலேயே விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டார், கவனித்தீர்களா? கண்டம் இல்லை சார், நீட்சி!

கண்டக் கதையின் ஆரம்பம் தமிழ்நாட்டிலேயே இல்லை. 1864-ல் ஃபிலிப் ஸ்க்லேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளருக்கு ஒரு குழப்பம். லெமூர் என்கிற குரங்கு ஜாதிப் பிராணி மடகாஸ்கரில் கொட்டிக் கிடக்கிறது. அதன் சொந்தக்காரர்கள் இந்தியப் பக்கமும் இருக்கிறார்கள். நடுவில் கடல். சரி, அங்கே ஒரு நிலம் இருந்து மூழ்கியிருக்கும் என்றார். பெயர் லெமூரியா. நம்மிடம் ஏற்கெனவே கடல்கோள் கதை உண்டு. உரையாசிரியர் அடியார்க்குநல்லார் 49 நாடு, 700 காவதம் என்று கணக்கே கொடுத்திருக்கிறார். இரண்டையும் சேர்த்துத் தைத்தாயிற்று. கண்டம் தயார்.

ஸ்க்லேட்டரின் குழப்பத்துக்கு விடை வேறு இடத்தில் இருந்தது. கரிசல்காட்டில் சித்திரை வெயிலில் நடந்தவர்களுக்கு அது சட்டென்று புரியும். மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். வெடிப்பின் இரண்டு ஓரங்களையும் உற்றுப் பாருங்கள். இந்தப் பக்கம் துருத்தினால் அந்தப் பக்கம் உள்வாங்கியிருக்கும். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையும் தென் அமெரிக்காவின் கிழக்குக் கரையும் இப்படித்தான் பொருந்துகின்றன. ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வெகனர் 1912-ல் கண்டங்கள் நகர்கின்றன என்றபோது பெரும்பாலோர் நம்பவில்லை. 1960-களில் ஒப்புக்கொண்டார்கள்.

நம் கிழக்குக் கரை, ஒரு காலத்தில் அண்டார்ட்டிகாவோடு ஒட்டியிருந்த ஓரம். பிரிந்து சுமார் 13 கோடி வருஷம் ஆகிறது. மேற்கே மடகாஸ்கர் விலகியது சுமார் 9 கோடி வருஷத்துக்கு முன்னால். கரிசல் வெடிப்பு மழை பெய்தால் மூடிக்கொள்ளும். இந்த வெடிப்பு மூடவில்லை. கீழிருந்து பாறைக்குழம்பு வந்து உறைந்து புதுக் கடல்தரை ஆனது. ஆக, நிலம் மூழ்கவில்லை, நகர்ந்துவிட்டது. கண்டத்துப் பாறை லேசு, கடலடிப் பாறை கனம். லேசானது எப்படிக் கனமானதற்குள் முங்கும்? தவிர, மடகாஸ்கர் விடைபெற்றபோது இங்கே இருந்தவை டைனோசர்கள். அவை சங்கம் வைத்ததாகத் தகவல் இல்லை.

அப்படியானால் கடல்கோள் வெறும் கட்டுக்கதையா? இந்த இடத்தில்தான் ஜெயகரன் முக்கியமாகிறார். சுமார் 20,000 வருஷத்துக்கு முன் உலகத்துத் தண்ணீரில் இன்றைக்கு இருப்பதைவிட அதிகப் பங்கு பனியாக உறைந்திருந்தது. கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் அளவுக்குக் கீழே. குமரிக்குத் தெற்கே கரை நீண்டிருந்தது, இலங்கைக்கு நடந்தே போகலாம். பனி உருக உருக, கடல் ஏறியது. இழப்பு நிஜம். அளவுதான் கண்டமில்லை.

புத்தகத்தில் குறை உண்டா என்றால், உண்டு. சில பக்கங்களில் வகுப்பறை வாசனை. கண்டக் கதையில் இருக்கிற கண்ணீரும் கம்பீரமும் இதில் கிடையாது. மேடையில் முழங்க உதவாது. ஆனால் மருமகனிடம் பொய் சொல்லாமல் இருக்க உதவுகிறது. எனக்கு அது போதும்.

குமரிக்கண்டப் புத்தகங்கள் மேல் எனக்குள்ள கோபம் கணக்குப்பிள்ளைக் கோபம். பற்றை மட்டுமே எழுதுகிறார்கள், வரவு எங்கே? கடற்கரை என்பது இரண்டும் சேர்ந்த பேரேடு. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா - அந்தமான் பக்கம் தட்டுகள் முட்டிக்கொண்ட ஓரம் நழுவியதில், நிக்கோபாரின் இந்திரா முனை 4 மீட்டருக்கு மேல் இறங்கியது. கலங்கரை விளக்கம் தண்ணீருக்குள் நின்றது. அதே நாளில் வட அந்தமானில் பவளப்பாறைகள் கடலுக்கு மேலே எழும்பின. நம் கரை தட்டின் ஓரத்தில் இல்லை. அதனால் இங்கே இத்தனை அவசரம் கிடையாது. ஆறுதான் கணக்கு எழுதும். பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கை, தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலால் இன்றைக்குக் கடலிலிருந்து சுமார் 6 கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. இந்த வரவைப் பற்றி யாராவது பேச்சுப் போட்டி வைத்திருக்கிறார்களா?

அடுத்த தடவை போனபோது பையனைக் கொற்கைக்கு அழைத்துப்போனேன். வாழைத்தோட்டங்களுக்கு நடுவே நின்று சுற்றுமுற்றும் பார்த்தான்.

"துறைமுகம்னு சொன்னீங்க மாமா... கடலைக் காணோம்?"