மஞ்சளில் நிற்கும் பக்கங்கள்

பழைய புத்தகத்தைப் படமெடுத்து பி.டி.எஃப். ஆக்கி இணையத்தில் ஏற்றினால் போதும், எழுத்தைப் படித்தெடுக்கும் வேலையைச் செயற்கை நுண்ணறிவு பார்த்துக்கொள்ளும், இனி மெய்ப்புத் திருத்துகிறவர் எதற்கு? கருத்தரங்குகளில் இந்தப் பேச்சுக்கு இப்போது நல்ல கைதட்டல் கிடைக்கிறது. இது தவறான பேச்சு. கால் நூற்றாண்டாகத் தமிழர்கள் கற்றுச் சேர்த்த ஒரு பண்பாட்டையே இது அழித்துவிடும். வாசகர் உலாவியிலேயே பக்கத்தைத் திறந்து, திருத்தி, பொதுக் களஞ்சியத்தில் சேமிக்கிற பண்பாடு அது.

முன்கதையை விரைவாகச் சொல்லிவிடலாம். டிம் பெர்னர்ஸ்-லீ 1990இல் எழுதிய முதல் உலாவியிலேயே எழுதவும் முடிந்தது. 1993இல் வந்து உலகெங்கும் பரவிய மொசைக் வாசிக்க மட்டுமே வழிவிட்டது. 1995இல் வார்ட் கன்னிங்ஹாம் விக்கியைத் தொடங்கிய பிறகுதான் எழுதும் உரிமை வாசகருக்குத் திரும்பியது. தமிழில் 1998 பொங்கலன்று கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தின் லோசானிலிருந்து மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். பல நாட்டுத் தமிழர்கள் தட்டச்சு செய்து மின்னஞ்சலில் அனுப்பினார்கள். தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்களை ஒவ்வொரு நூலின் தலையிலும் போட்ட அந்தப் பெருந்தன்மைக்கு இணை கிடையாது. ஆனால் ஒரு குறை உண்டு. பிழையைக் கண்ட வாசகர் அதை அங்கேயே திருத்த முடியாது, எழுதித்தான் தெரிவிக்க வேண்டும்.

அதே காலத்தில் இதழ்கள் பலவும் ஆளுக்கொரு எழுத்துருவை வைத்துக்கொண்டு இணையத்துக்கு வந்தன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பக்கம் வெறும் கிறுக்கல். தாம்பரத்துப் பிரவுசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவென்று காசு கொடுத்து உட்கார்ந்தவரால் அங்கே எதையும் நிறுவிக்கொள்ள முடியவில்லை. அவருக்குக் கைகொடுத்தவர் சுரதா யாழ்வாணன். உலாவிக்குள்ளேயே ஒரு பெட்டியில் ரோமன் எழுத்தில் அடித்தால் இன்னொன்றில் யூனிகோடு தமிழாக வரும் பக்கத்தையும், பழைய எழுத்துருவில் இருப்பதை யூனிகோடாக மாற்றித்தரும் பொங்குதமிழையும் அவர் இலவசமாகத் தந்தார். வலைப்பதிவுக் காலத்து எழுத்தாளர் பட்டியல்களில் அவர் பெயர் வருவதில்லை. அந்தப் பதிவுகளில் எத்தனையோ அவருடைய பெட்டி வழியாக வந்தவை.

2003இல் இ. மயூரநாதன் ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து தமிழ் விக்கிப்பீடியாவைக் கட்டத் தொடங்கியது எல்லோரும் அறிந்த கதை. நான் பேச விரும்புவது அதன் நிழலில் வளர்ந்த, பழைய நூல்களை யாரும் திருத்தக்கூடிய எழுத்தாக வைக்கும் விக்கிமூலத்தைப் பற்றி.

தமிழ் இணையக் கல்விக்கழகம் வழியாக நாட்டுடைமை நூல்கள் இரண்டாயிரத்துக்கு மேல் அங்கே வந்து சேர்ந்தன. கூகுளின் எழுத்துணரியைக் கொண்டு படங்களை எழுத்தாக்கி, பக்கம் பக்கமாக ஏற்ற த. சீனிவாசன் ஒரு நிரல் எழுதினார். லட்சக்கணக்கான பக்கங்கள் சில மாதங்களில் நிரம்பின. பலர் அதோடு வேலை முடிந்தது என்று நினைத்தார்கள். உண்மையில் அப்போதுதான் தொடங்கியது.

இந்த ஏற்பாட்டின் அழகு அதன் அளவில் இருக்கிறது. அச்சுப் பக்கம் ஒன்றுக்குச் சேமிப்பும் ஒன்று. ஒரு பக்கம் நூலின் படம், மறுபக்கம் எழுதும் பெட்டி. இரும்புலியூரில் என் வீட்டில் மின்சாரம் போனால் அதிகம் போனால் ஒரு பக்கத்து உழைப்பு போகும், புத்தகம் போகாது. ஒரே பக்கத்தில் இருவர் வெவ்வேறு பத்திகளைத் திருத்தினால் மென்பொருள் இரண்டையும் சேர்த்துக்கொள்ளும். ஒரே வரியில் மோதினால் மட்டும் நிறுத்திக் கேட்கும். பழைய வடிவம் எதுவும் அழியாது. யார், எந்த நாளில், எந்த எழுத்தை மாற்றினார் என்பது வரலாற்றில் நிற்கும். சேமிக்கும்போது இன்னொன்றும் நடக்கிறது. ‘கொ’வை ஒருவர் ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறிகளில் உள்ளிட்டிருக்கலாம், இன்னொருவர் ஒரே குறியாக உள்ளிட்டிருக்கலாம். களஞ்சியம் இரண்டையும் ஒன்றாக்கியே வைக்கும். இல்லாவிட்டால் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் சொல் தேடலில் அகப்படாது.

எல்லாவற்றுக்கும் மேலானது வண்ண விதி. மெய்ப்புப் பார்க்காத பக்கம் சிவப்பு. ஒருவர் பார்த்து முடித்தால் மஞ்சள். அதைப் பச்சையாக்க வேறொருவர் வரவேண்டும், முதலாமவரே ஆக்கிக்கொள்ள மென்பொருள் விடாது. நம் அச்சுப் பதிப்பகங்கள் பலவற்றில் இன்று இல்லாத ஒழுக்கம் இது.

இயந்திரம் இதைச் செய்யாதா? 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய நூல் ஒன்றை எழுத்துணரியிடம் கொடுத்துப் பாருங்கள். பழைய ‘ணை’யும் ‘லை’யும் ‘னா’வும் அதைத் தடுமாற வைக்கும், துணைக்காலை ‘ர’ என்று படிக்கும். ஆனாலும் அந்தப் பிழை கண்ணில் படுகிற பிழை. புதிய மொழி மாதிரிகளின் பிழைதான் எனக்கு அச்சமூட்டுகிறது. மங்கிய இடத்தில் அவை பொருத்தமான வேறொரு சொல்லை வைத்துவிடுகின்றன, அரிய வழக்கைப் பழகிய வழக்காக்கிவிடுகின்றன. வாக்கியம் சரளமாக ஓடும், அது ஆசிரியர் எழுதியதாக இருக்காது. அதைப் படத்தோடு ஒப்பிட்டுப் பிடிக்க ஒரு மனிதர் வேண்டும், அவர் பிடித்தது நிற்கத் திருத்த வரலாறு உள்ள களஞ்சியம் வேண்டும். முதல் வரைவை இயந்திரம் தரட்டும், தாராளமாகத் தரட்டும். பச்சை வண்ணம் தரும் உரிமை அதற்கு வேண்டாம்.

2005இல் தொடங்கிய ஈழத்து நூலகம் தளமும் விக்கிமூலத்தை இயக்கும் அதே மீடியாவிக்கி மென்பொருளில்தான் இயங்குகிறது. யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்த பிறகு அவர்களுக்கு முதலில் படம் காப்பதே அவசரம், அதை மதிக்கிறேன். அந்த அவசரம் நமக்கும் புதிதல்ல. 2015 டிசம்பர் முதல் நாள் மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவானது. முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் அடையாற்று வெள்ளம் புகுந்தபோது அலமாரி அலமாரியாகப் புத்தகங்கள் ஊறிப்போயின. படமெடுப்பது காப்பதற்கு. ஆய்வாளர் சொல்லைத் தேடவும், பார்வையற்றவர் திரைவாசிப்பானில் கேட்கவும், பதிப்பாளர் மறுபதிப்பிடவும் திருத்திய எழுத்து வேண்டும்.

அரசின் மின்னுருவாக்கத் திட்டங்கள் இன்னமும் ஏற்றிய பக்கங்களின் எண்ணிக்கையைச் சாதனையாகச் சொல்கின்றன. சரிபார்த்த பக்கங்களின் எண்ணிக்கையைச் சொல்லட்டும். கிழக்குத் தாம்பரத்துச் சென்னைக் கிறித்தவக் கல்லூரி தொடங்கி இந்தப் பகுதிக் கல்லூரிகளின் தமிழ்த்துறைகள் எல்லாம் பதிப்பியல் பாடத்துக்கு விக்கிமூலத்தைச் செய்முறையாக வைக்கலாம். மாணவர் திருத்தியது வரலாற்றில் அவர் பெயரிலேயே இருக்கும், மதிப்பெண் போடுவதும் எளிது.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். விக்கிமூலத்தில் கணக்குத் தொடங்குங்கள். உங்களுக்குப் பிடித்த ஆசிரியரின் நூலுக்குரிய அட்டவணையில் மஞ்சள் நிறப் பக்க எண் ஒன்றைத் திறந்து, படத்தையும் எழுத்தையும் வரிவரியாக ஒப்பிட்டு, பிழை இருந்தால் திருத்தி, பச்சையாக்கிச் சேமியுங்கள்.